கடைத்தெரு வெளிச்சத்தின் கணக்கு

வீட்டுக் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசாத குடும்பம் இல்லை. கடைக்காரர்கள் கட்டுகிற பில்லைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக நாகர்கோவில் வட்டாரத்தில் பல வருஷம் கடை கடையாக ஏறி இறங்கியவன் என்பதால் எனக்கு அந்தக் கணக்கில் தனி ஈடுபாடு உண்டு. ஒரு கடைக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் சரக்கைப் பார்ப்பார்கள். நான் முதலில் மீட்டரைப் பார்ப்பேன், அடுத்து அண்ணாந்து விளக்குகளை எண்ணுவேன். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

கடைக்கு வெளிச்சம் என்பது முதலீடு. இருட்டான கடையில் ஆள் ஏறாது. அதே வெளிச்சம்தான் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கையைக் கடிக்கும். வணிக இணைப்புக்கு வீட்டு இணைப்பைப் போல இலவச யூனிட்டும் கிடையாது. அதனால் குறைந்த செலவில் கூடுதல் வெளிச்சம் என்பது கடைத்தெருவின் நூறு வருஷத்துக் கனவு. அந்தக் கனவு எப்படிப் படிப்படியாக நிறைவேறியது, அதில் மிச்சமான காசு எங்கே போனது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

மணவாளக்குறிச்சி மணல்

நம் வயதுக்காரர்களுக்குக் கடை விளக்கு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பெட்ரோமாக்ஸ். அதற்கு முன்னால் அரிக்கன் விளக்கு, தள்ளுவண்டிக்காரர்களின் காடா விளக்கு எல்லாம் இருந்தன. ஆனால் ராத்திரி வியாபாரத்துக்கு ஒரு கௌரவம் கொடுத்தது பெட்ரோமாக்ஸ்தான். 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் சைக்கிள் கடையில் செந்தில் அதன் மேன்டிலைத் தொட்டுப் பார்த்து உடைத்துவிடுகிற காட்சியை மறந்தவர் யார்?

அந்த மேன்டில் ஏன் தொட்டதும் பொடிந்து போகிறது? அது பார்ப்பதற்குத்தான் துணி. முதல் தடவை கொளுத்தியதுமே நூல் எரிந்து போய்விடும். நூலில் ஊறியிருந்த உப்புகள் மட்டும் சாம்பல் கூடாக நிற்கும். மண்ணெண்ணெய் ஆவியின் சூட்டில் பளீரென்று வெளிச்சம் தருவது அந்தச் சாம்பல்தான். ஆஸ்திரியாக்காரரான கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் இந்த வழியைக் கண்டுபிடித்தார். 1891-ல் சரியான கலவையும் அவருக்குப் பிடிபட்டது. நூற்றுக்கு 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. அந்த ஒரு பங்கு சீரியம் இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும்.

இந்தத் தோரியத்துக்கு மூலப்பொருள் மோனசைட் மணல். ஆரம்பத்தில் அது பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதே சரக்கு மின்னுவதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கவனித்தார். தேடிக்கொண்டு வந்தவர் 1909-ல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வந்து நின்றார். மணலைப் பிரித்தெடுக்க அங்கேயே ஒரு தொழிற்சாலையும் போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் கைதானார். தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பெர்லினிலும் லண்டனிலும் கடைத்தெருவுக்கு வெளிச்சம் கொடுத்த சாம்பலில் நம் ஊர்க் கடற்கரை மணலும் உண்டு என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்?

பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்குக்கு வருவோம். பெரிய பெட்ரோமாக்ஸ் ஒன்று எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் உள்ள சக்தியை மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 10 யூனிட். இந்த 10 யூனிட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை இதே வெளிச்சம், இதே எட்டு மணி நேரம் என்று வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்.

குண்டு பல்பு

1940-ல் பள்ளிவாசல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அப்போது நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அடுத்த வருஷம், 1957 ஜூலையில், சென்னை மாநில மின்சார வாரியம் உருவானது. கம்பி போன இடமெல்லாம் குண்டு பல்பும் போனது.

100 வாட் குண்டு பல்பு ஒன்று ஏறக்குறைய ஒரு பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தரும். எட்டு மணி நேரம் எரிந்தால் 0.8 யூனிட். 10 எங்கே, 0.8 எங்கே! பம்ப் அடிக்க வேண்டாம், புகை இல்லை, தீப்பிடிக்கும் பயம் இல்லை. கடைக்காரர்கள் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் அது அடிப்படையில் ஓர் அடுப்பு. டங்ஸ்டன் இழை பழுக்கக் காய்ந்துதான் வெளிச்சம் தருகிறது. வாங்குகிற மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு போல வெளிச்சமாகும், மிச்சம் முழுக்கச் சூடு. ஆயுசும் ஆயிரம் மணி நேரம்தான். அந்த ஆயிரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1924-ல் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டணி அமைத்தன. பல்பு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்து, மீறிய கம்பெனிக்கு அபராதமும் போட்டன. ஆயுசைக் குறைத்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். விற்பனை கூடும் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

இன்னொரு வேடிக்கை, சாமி படத்துக்கு முன்னால் கடைகளில் எரிந்த 'ஜீரோ வாட்ஸ்' பல்பு. பெயர்தான் ஜீரோ. நிஜத்தில் அது 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். அந்த ஒற்றைச் சுமையைப் பழைய மீட்டர் சரியாகக் கணக்கில் எடுக்காததால் வந்த பெயர் அது. இரவும் பகலும் எரிந்தால் மாதத்துக்குப் பத்து யூனிட். சாமிக்குப் போட்டதை எண்ணிப் பார்க்கக் கூடாது என்று யாரும் எண்ணவில்லை.

டியூப் லைட் காலம்

டியூப் லைட் 1938-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. உலகப் போர் நேரத்தில் அங்கே ராத்திரி பகலாக ஓடிய தொழிற்சாலைகள்தான் அதைப் பரப்பின. வீட்டுக்கு வருமுன் வேலைத்தலத்துக்கு வந்த விளக்கு அது. நம் ஊரிலும் அப்படித்தான். முதலில் ஜவுளிக்கடை, ஹோட்டல், பிறகுதான் வீட்டு முன்னறை.

உள்ளே இழை காய்வதில்லை. பாதரச ஆவி வழியாக மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் வரும். குழாயின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி அதை வெளிச்சமாக மாற்றும். நம் பெட்ரோமாக்ஸ் அளவு வெளிச்சத்தை எட்டு மணி நேரம் இதில் பெற கால் யூனிட்டுக்கும் குறைவாகவே போதும்.

ஆனால் பெட்டியின் மேல் போட்டிருந்த 40 வாட் முழுக் கணக்கு இல்லை. பட்டிக்குள் உட்கார்ந்திருந்த செம்புக்கம்பிச் சோக்கு தனியாக 12 முதல் 15 வாட் வரை சாப்பிடும். தொட்டால் கை சுடும். அந்தச் சூடு அத்தனையும் கடைக்காரர் காசு. 50 டியூப் உள்ள கடையில் சோக்கு மட்டும் 600 வாட்டுக்கு மேல். வெளிச்சமே தராமல் ஆறு 100 வாட் பல்பு கூடவே எரிந்ததற்குச் சமம். இதை நான் சொன்னபோதெல்லாம் கடைக்காரர்கள் 'அப்படியா?' என்று மேலே பார்ப்பார்கள். பிறகு கல்லாவைப் பார்ப்பார்கள். ஒன்றும் மாறாது.

1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மேல்நாட்டில் குழாயை ஒல்லியாக்கினார்கள். 38 மில்லிமீட்டர் தடிமன் 26 ஆனது, 40 வாட் 36 ஆனது. அதே பட்டியில் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். பிறகு 16 மில்லிமீட்டரில் 28 வாட் குழாய் வந்தது. எலெக்ட்ரானிக் சோக்கும் வந்தது. செம்புச் சோக்கில் நொடிக்கு 50 சுற்று ஓடிய மின்சாரத்தை இது ஆயிரக்கணக்கான சுற்றாக்கி அனுப்பும். ஸ்டார்ட்டர் வேண்டாம், துடிப்பு இல்லை, இழப்பும் மூன்று நான்கு வாட்தான்.

எலெக்ட்ரானிக் சோக்கை நம் கடைக்காரர்கள் யூனிட் மிச்சத்துக்காக வாங்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும். வியாபாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் டியூப் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிற்கும். புரிந்துகொள்ள நேரமெடுக்கிறவனை 'டியூப் லைட்' என்று கேலி செய்கிற வழக்கமே இதில் பிறந்ததுதான். குறைந்த வோல்டேஜிலும் உடனே எரியும் என்பதற்காகத்தான் கடைகள் எலெக்ட்ரானிக் சோக்குக்கு மாறின. மிச்சம் இலவச இணைப்பாக வந்தது. பிறகு நடந்த மாற்றங்களும் பெரும்பாலும் இப்படித்தான். கணக்கு காட்டி யாரையும் மாற்ற முடியவில்லை, நெருக்கடி வந்து மாற்றியது.

மின்வெட்டு கற்றுக்கொடுத்த பாடம்

அப்படிப்பட்ட பெரிய நெருக்கடி 2008-ல் தொடங்கியது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. நம் பக்கத்து முப்பந்தல் காற்றாலைகள் ஆடி மாதம் சுழலும்போது நிலைமை கொஞ்சம் தேறும், காற்று நின்றதும் பழைய கதை. வடசேரியிலும் கோட்டாற்றிலும் கடைக்கு ஒரு ஜெனரேட்டர் நடைபாதையில் நின்று இரைந்தது நினைவிருக்கும். அதற்கு வசதியில்லாதவர் இன்வெர்ட்டர் வாங்கினார்.

இன்வெர்ட்டர் வந்த பிறகுதான் வாட் என்றால் என்ன என்று சின்னக் கடைக்காரருக்கும் புரிந்தது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ளது 1,800 வாட்-மணி. நடைமுறையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் பெரிது. 1,200 என்று வையுங்கள். செம்புச் சோக்கு போட்ட நாலு டியூப் 208 வாட் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்குள் பேட்டரி காலி. அதே நாலு இடத்தில் 15 வாட் சி.எஃப்.எல். போட்டால் மொத்தம் 60 வாட். இருபது மணி நேரம் ஓடும். வெளிச்சம் நிறையவே குறையும், ஆனால் கடை மூடாமல் நிற்கும். நான் எத்தனையோ வருஷம் சொல்லிப் புரியவைக்க முடியாததை ஒரு பேட்டரி ஒரே ராத்திரியில் புரியவைத்தது.

சி.எஃப்.எல். என்பதும் சுருட்டி மடக்கிய டியூப் லைட்தான். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் 1976-ல் எட் ஹேமர் என்ற பொறியாளர் அந்தச் சுருள் வடிவத்தை உண்டாக்கினார். செய்வது கஷ்டம் என்று அப்போது கிடப்பில் போட்டார்கள். நமக்கு அது கைகொடுத்தது. ஒரே குறை, ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். உடைந்ததைப் பெருக்கிக் குப்பையில் போட்டோம், அது எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

எல்.இ.டி. வந்த கதை

சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. டேப் ரிக்கார்டரில் மினுக்கியதே, அதுதான். வெள்ளை வெளிச்சத்துக்கு நீலம் வேண்டும். அந்த நீலத்துக்கு முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானில் அகசாகி, அமானோ, நகமுரா மூவரும் 1990-களின் தொடக்கத்தில் அதைச் சாதித்தார்கள். 2014-ல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நீல எல்.இ.டி. மேல் ஒரு மஞ்சள் பொடி பூசினால் வெள்ளை வெளிச்சம் வரும். அந்தப் பொடியில் மிகக் கொஞ்சமாகக் கலந்திருப்பது எது தெரியுமா? சீரியம். பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் ஒரு பங்கு இருந்த அதே சீரியம். வெல்ஸ்பாக் காலத்துச் சரக்கு நூறு வருஷம் கழித்து வேறு வாசல் வழியாக மறுபடி கடைக்குள் வந்துவிட்டது.

விலைதான் தடையாக இருந்தது. 2014-ன் தொடக்கத்தில் அரசு மொத்தக் கொள்முதலில் ஓர் எல்.இ.டி. பல்பின் விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் கோடிக்கணக்கில் ஒரே கையாக வாங்கியதால் 2016-ல் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. இதுவரை 36 கோடிக்கு மேல் பல்புகள் அத்திட்டத்தில் போயிருக்கின்றன. திட்டம் வீடுகளுக்கானது. ஆனால் சந்தை விலையும் கூடவே விழுந்ததால் கடைகளுக்கும் வழி பிறந்தது.

இப்போது நம் பழைய கணக்கை முடித்துவிடலாம். ஒரு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு 12 வாட் எல்.இ.டி. போதும். எட்டு மணி நேரத்துக்கு 0.1 யூனிட். 10 யூனிட்டில் ஆரம்பித்தது நூறில் ஒரு பங்காகிவிட்டது.

ஒரு ஜவுளிக்கடைக் கணக்கு

50 டியூப் போட்ட கடையை எடுத்துக்கொள்வோம். சோக்கோடு சேர்த்து ஒன்றுக்கு 52 வாட், மொத்தம் 2,600. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 26 யூனிட், மாதம் 780. இடத்தில் 20 வாட் எல்.இ.டி. டியூப் மாட்டினால் மாதம் 300. மிச்சம் 480 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் மாதம் 4,800 ரூபாய். டியூப் ஒன்று 250 ரூபாய் என்றாலும் போட்ட 12,500 ரூபாய் மூன்று மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். வட்டிக்கு வாங்கிப் போட்டாலும் லாபம்தான். கடையில் ஏ.சி. இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. விளக்கின் சூட்டையும் ஏ.சி.தான் வெளியே தள்ளுகிறது. 1,600 வாட் சூடு குறைந்தால் ஏ.சி. இழுப்பதிலும் ஐந்நூறு வாட் போலக் குறையும்.

மலிவு என்று எதையும் வாங்கிவிடவும் கூடாது. சேலை எடுக்கப் போனால் நம் வீட்டுப் பெண்கள் அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். அது பிடிவாதம் இல்லை, விஞ்ஞானம். கடை விளக்கில் சூரிய வெளிச்சத்தின் எல்லா நிறமும் சரியளவில் இருப்பதில்லை. விளக்கு நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் உண்டு. ஜவுளிக்கடைக்கு 90 இருந்தால் நல்லது. 70-ல் இருக்கிற மட்டமான எல்.இ.டி. மாட்டினால் கரண்டில் மிச்சமாவது, திரும்பி வருகிற சேலையில் போய்விடும்.

மிச்சம் எங்கே போயிற்று?

எனக்குப் பழக்கமான ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி முழுக்க எல்.இ.டி. மாற்றினார். முதல் பில் பாதிக்குக் கீழே வந்தது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்துப் போனேன். பில் பழைய இடத்துக்கே வந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரை தெரியவில்லை, விளக்குதான் தெரிந்தது. முகப்பு முழுக்க ஓடுகிற எழுத்து, படிக்கட்டுக்கு அடியில் நீலக் கோடு, ஆள் ஏறாத மூன்றாம் மாடியிலும் பகல் போல வெளிச்சம்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"சாரே, நம்ம கடை யூனிட்டு கொறஞ்சா மட்டும் போருமா? எதுத்த கடைக்காரன் ஜொலிக்கான்லா? நாம இருட்டுல இருந்தா ஆளு அங்கல்லா ஏறும்!"

அவர் சொன்னதில் தப்பில்லை. இதை 1865-லேயே இங்கிலாந்தில் ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் நிலக்கரிச் செலவு குறையவில்லை. இயந்திரங்கள் பெருகி, செலவு ஏறியது என்று காட்டினார். ஒரு பொருளின் பயன் மலிவானால் நாம் அதைக் கூடுதலாகப் பயன்படுத்துவோம். மண்ணெண்ணெய்க்கும் பம்புக்கும் பயந்து ஒரு விளக்கோடு நின்றவர்கள் நாம். பயம் போனதும் விளக்கை எண்ணுவதும் போயிற்று.

இதில் அடிபடுகிறவர் எதிரெதிரே போட்டி போடுகிற பெரிய கடைக்காரர்கள் இல்லை. பக்கத்தில் இருக்கிற பெட்டிக்கடைக்காரர், தையல்காரர், டீக்கடைக்காரர். அந்தப் பிரகாசத்துக்கு நடுவில் அவர்கள் கடை திறந்திருப்பதே தெரிவதில்லை. நாலு விளக்கில் உண்மையாகவே மிச்சம் பிடிக்கிறவர்களும் அவர்கள்தான். என் அனுபவத்தில், எல்.இ.டி. போட்ட பிறகு குறைந்த பில் குறைந்தபடியே நின்றது இந்தச் சின்னக் கடைகளில்தான். அந்த முந்நூறு நானூறு ரூபாய் அவர்கள் வீட்டில் ஒரு மாதத்துப் பால் கணக்கில் பாதி.

அதனால் கேட்கிறவர்களிடம் நான் மூன்று காரியம் சொல்வேன். பழைய பட்டிகளில் செம்புச் சோக்கு இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாண மண்டபங்களிலும் கோயில் அலுவலகங்களிலும் இன்றைக்கும் இருக்கிறது; அதை எடுப்பதே முதல் மிச்சம். எல்.இ.டி. டியூப் மாட்டும்போது சோக்கைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். சும்மா விட்டால் அது தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். மூன்றாவது, மாற்றிய அன்றைக்கு எத்தனை விளக்கு என்று சுவரில் எழுதிவையுங்கள். வருஷம் ஒரு முறை அண்ணாந்து எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால் மிச்சம் இறங்கியிருக்கும். இதற்கு மீட்டர் பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.